பொதுநிலத்தின் கதை – 9: கூடாரக் கடையைப் புறக்கணித்தவர்கள்

1974ஆம் ஆண்டு நவம்பர் இறுதி. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ என்ற ஊருக்கு வெளியே, ஏறத்தாழ 3,000 மோட்டார் சைக்கிள்கள் பக்கம் பக்கமாக அணிவகுத்து நின்றன. போய்ச் சேர வேண்டிய இடம் லாஸ் வேகஸ். நடுவில் சுமார் 150 மைலுக்கு மணலும் சரளையும் முட்புதரும். 1967இல் தொடங்கிய இந்தப் பந்தயம் வருடத்துக்கு வருடம் பெருத்து, பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் திருவிழாவாகியிருந்தது.

அந்த வருடம் வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு, பொதுநிலத்தைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான நில மேலாண்மைப் பணியகத்தின் ஆய்வாளர்களும் இருந்தார்கள். வண்டிகள் போன பிறகு மண்ணும் செடியும் உயிரினங்களும் என்ன ஆயின என்று பதிவு செய்வது அவர்கள் வேலை. 1975இல் பந்தயத்துக்கு அனுமதி இல்லை என்று பணியகம் கையை விரித்துவிட்டது. ஓட்டுநர்கள் சும்மா இருக்கவில்லை. அனுமதி இல்லாமலே, எதிர்ப்பைக் காட்டுவதற்காகக் கூட்டமாக ஓட்டிப் போனார்கள். 1983இல் பந்தயம் மீண்டும் முறைப்படி நடந்தது. 1989 வரை நீடித்தது. 1990இல் பாலைவன ஆமை அழிவு அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டதும் மறுபடி நின்றது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை மேய்ச்சல்காரர்களும் சுரங்கக்காரர்களும் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தோம். இந்த அத்தியாயத்தில் வருகிறவர்கள் நிலத்தை வைத்துப் பிழைப்பவர்கள் அல்லர். வார இறுதியில் மனைவி மக்களோடு ஜீப்பிலும் பைக்கிலும் வருகிறவர்கள். அவர்களுடைய கோபம் வாஷிங்டனில் உள்ள அலுவலகங்களோடு நிற்காமல், கூடாரமும் தூக்கப்பையும் விற்கிற கடைகள்மீது ஏன் திரும்பியது என்பதுதான் கதை.

முதலில் அந்த மண்ணைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

யூட்டா மாநிலத்தின் தெற்கில் கொலராடோ பீடபூமியில் நடந்தால், செம்மணலுக்கு மேலே ஒரு கறுப்புப் பொருக்கு கண்ணில் படும். பழைய தோசைக்கல்லின் விளிம்பில் ஏறியிருக்கும் கரி மாதிரி, மேடும் பள்ளமுமாக, விரல்கடை உயரத்துக்கு எழும்பியிருக்கும். அது வெறும் மண் அல்ல, உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகள் பசையுள்ள இழைகளை மணலுக்குள் ஓடவிட்டு, மணியோடு மணியைக் கட்டிப்போடுகின்றன. பிறகு பாறைப்பாசியும் பாசமும் அதன்மேல் வந்து குடியேறுகின்றன. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருப்பதும், எப்போதோ பெய்யும் மழை உள்ளே இறங்குவதும், செடிக்கு நைட்ரஜன் கிடைப்பதும் இந்தப் பொருக்கால்தான். ஒரு டயர் ஒரே ஒரு முறை ஏறினால் போதும், பொடியாகிவிடும். பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். 1942இல் ஜெனரல் பேட்டன் வட ஆப்பிரிக்கப் போருக்காகக் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் டாங்கிப் பயிற்சி நடத்தினார். அந்தச் சங்கிலித் தடங்கள் அங்கே சில இடங்களில் இன்னும் அழியவில்லை.

காலடி பட்டாலும் பொருக்கு உடையத்தான் செய்யும். ஆனால் ஒரு நாளில் நடந்து பத்து மைல் போகிறவரும், ஓட்டி நூறு மைல் போகிறவரும் விட்டுச் செல்லும் தடம் ஒன்றாகாது. வண்டித் தடத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருவர் புதிதாக ஒரு தடம் போட்டால், அடுத்து வருகிறவர் அதைப் பாதை என்றே நினைத்துக்கொள்வார்.

சட்டம் இதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், நாடாளுமன்றம் குறித்துக் கொடுக்கும் நிலங்களில் சாலையோ கட்டடமோ எந்திர வாகனமோ கூடாது என்றது. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் ஒரு நிர்வாக ஆணை போட்டார்: பொதுநிலத்தில் வண்டி எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அதிகாரிகள் வரையறுக்க வேண்டும், மண்ணுக்கும் விலங்குக்கும் ஏற்படும் கெடுதலையும், மற்றவர்களோடு வரும் மோதலையும் இயன்றவரை குறைக்க வேண்டும். 1977இல் கார்ட்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். கெடுதல் கணிசமாக இருந்தால் உடனே மூடு என்றார். அதுவரை மூடியிருக்கிறது என்று பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடமாக இருந்தது. அந்த வழக்கம் மெல்ல மெல்லத் தலைகீழானது.

மூடுவது என்றால் என்ன? பெரும்பாலும் பூட்டும் கேட்டும் இருக்காது. இடுப்புயரத்துக்கு வளையக்கூடிய ஒரு பழுப்புநிறப் பட்டை தரையில் நட்டிருக்கும். அதில் வண்டிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு. பட்டைக்குப் பின்னால் தடத்தைக் கொத்திக் கிளறி, செத்த புதர்களைப் பிடுங்கிவந்து செங்குத்தாக நட்டு வைப்பார்கள், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே பாதை இருப்பதே தெரியக்கூடாது என்று. அப்பா கூட்டிக்கொண்டு போன பாதை அப்படிப் புதருக்குள் மறைந்திருப்பதைப் பார்க்கிற மகனுக்கு நெஞ்சு வலிக்கும். அந்த வலி பொய்யானது அல்ல. அதைப் பொய் என்று ஒதுக்கியவர்களால்தான் இந்தச் சண்டை இவ்வளவு கசந்து போனது.

இனி கடைகளுக்கு வருவோம்.

சியாட்டில் நகரத்தில் லாய்டு ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் என்ற மலையேறும் தம்பதி இருந்தார்கள். உள்ளூர்க் கடையில் பனிக்கோடரி விலை அதிகம் என்று ஆஸ்திரியாவிலிருந்து மூன்றரை டாலருக்கு ஒன்றை வரவழைத்தார்கள். நண்பர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 1938இல் 23 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் கட்டணம் ஒரு டாலர். இன்று ஆர்இஐ என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கக் கடைகள் வைத்திருப்பது அந்தச் சங்கம்தான். உறுப்பினர்கள் 2 கோடிக்கும் மேல்.

1989இல் ஆர்இஐ, பேட்டகோனியா, நார்த் ஃபேஸ், கெல்ட்டி ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 'கன்சர்வேஷன் அலையன்ஸ்' என்ற அமைப்பை உண்டாக்கின. உறுப்பு நிறுவனங்கள் வருடாவருடம் சந்தா கட்டும். அந்தப் பணம், ஆற்றையும் காட்டையும் காக்கப் போராடும் உள்ளூர் அமைப்புகளுக்கு நிதியாகப் போகும். நிதி வாங்கும் அமைப்புகள் பல, புதிய வனாந்தரப் பகுதிகள் வேண்டும் என்று கேட்பவை. வனாந்தரமாக அறிவித்துவிட்டால் அங்கே மோட்டாருக்கு இடமில்லை.

ஓட்டுநர்களும் இதற்குள் அமைப்பாகத் திரண்டிருந்தார்கள். ஐடஹோ மாநிலத்தின் பொகடெல்லோ ஊரைச் சேர்ந்த கிளார்க் காலின்ஸ், 1987இல் 'புளூரிப்பன் கூட்டணி'யைத் தொடங்கினார். வண்டியில் வந்து பொழுதுபோக்குகிறவர்கள் அரசியலில் ஒரு பொருட்டே அல்ல என்று மாநில ஆளுநர் முகத்துக்கு நேரே சொன்னதுதான் தொடக்கம் என்பது அமைப்பினர் இன்றும் சொல்லும் கதை. மோட்டார் சைக்கிள், ஜீப், பனிவண்டி என்று தனித்தனிச் சங்கங்களாகக் கிடந்தவர்களை அது ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது.

1994 அக்டோபர் 31 அவர்களுக்குப் பேரிடி. கலிஃபோர்னியப் பாலைவனப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். எட்டு வருடம் முன்பு செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்வைத்து, பிறகு செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் தூக்கிச் சுமந்த மசோதா அது. டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் தேசியப் பூங்காக்கள் ஆயின. மொஹாவியில் ஒரு தேசியக் காப்பகம் உருவானது. 75 லட்சம் ஏக்கருக்கு மேல் வனாந்தரமானது. பார்ஸ்டோவில் அணிவகுத்தவர்களின் பிள்ளைகளுக்கு, பெற்றோர் ஓட்டிய இடங்களில் பல வரைபடத்தில் மட்டும் மிஞ்சின.

புறக்கணிப்புக்கான நியாயத்தை அவர்கள் கட்டியது இந்தக் கணக்கில்தான். நான் குடும்பத்தோடு முகாம் போகக் கூடாரம் வாங்குகிறேன். அந்த லாபத்தில் ஒரு பங்கு சந்தாவாகப் போகிறது. சந்தா நிதியாகிறது, நிதி வழக்காகிறது, வழக்கு என் பாதையில் பழுப்புப் பட்டையாக வந்து நிற்கிறது. என் காசில் என் பாதையையே மூடுகிறார்கள் என்றால் அந்தக் கடைக்கு நான் ஏன் போக வேண்டும்? ஆர்இஐயில் வாங்காதே, பேட்டகோனியாவில் வாங்காதே, நார்த் ஃபேஸில் வாங்காதே என்ற குரல் ஓட்டுநர் வட்டாரங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது. ஒவ்வொரு புதிய மூடலுக்கும் ஒரு முறை.

இதில் அவர்களுக்குச் சாதகமான ஓர் உண்மை இருக்கிறது. நடைப்பயணிகள் அதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1991இல் ஐடஹோவின் செனட்டர் ஸ்டீவ் சிம்ஸ் கொண்டுவந்த சட்டத்தால் பொழுதுபோக்குத் தடங்களுக்கென்று ஒரு திட்டம் பிறந்தது. நெடுஞ்சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகள் பெட்ரோலுக்குக் கட்டும் கூட்டரசு வரியிலிருந்து அதற்குப் பணம் வருகிறது. அதில் 30 சதவீதம் மோட்டார் தடங்களுக்கு, 30 சதவீதம் மோட்டார் இல்லாத தடங்களுக்கு, மீதி 40 இருவகையும் கலந்தவற்றுக்கு. அதாவது நடந்து போகிறவரின் ஒற்றையடிப் பாதையைச் செப்பனிடவும் ஜீப்காரர் போட்ட பெட்ரோலின் வரி உதவுகிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வேட்டைக்காரர்கள் 1937 முதல் வரி கட்டி வனவிலங்குக்குக் கொடுக்கிறார்கள். முதுகுப் பைக்கும் கூடாரத்துக்கும் அதேபோல வரி போடலாம் என்று 1990களில் ஒரு யோசனை வந்தபோது, கருவி விற்கும் தொழில்துறை எதிர்த்தது, யோசனை செத்தது. நிலத்துக்காகப் பேசுகிறவர்கள் நிலத்துக்காக வரி கட்டத் தயங்கியதை ஓட்டுநர்கள் மறக்கவில்லை.

கடைகளுக்கு உள்ளேயும் ஒரு சங்கடம் உண்டு. வனாந்தரச் சட்டம் தடுப்பது மோட்டாரை மட்டும் அல்ல, எந்திர ஊர்தி எல்லாவற்றையும். நில அதிகாரிகள் அதில் சைக்கிளையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். ஆர்இஐ மலைச் சைக்கிள் விற்கிறது. விற்ற சைக்கிள் வனாந்தரத்துக்குள் போக முடியாது. சக்கர நாற்காலிக்கு மட்டும் விலக்கு. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைத் தெளிவாக்கியது. ஆனால் கல்லும் மணலுமான தடத்தில் அந்த விலக்கால் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? முழங்கால் தேய்ந்த முதியவருக்கு வண்டி இல்லாவிட்டால் பள்ளத்தாக்கு இல்லை என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஓட்டுநர்களின் புறக்கணிப்பு கடைகளை அசைத்ததாகத் தெரியவில்லை. காரணம் சாதாரணமானது. அந்தக் கடைகளின் பெருவாரி வாடிக்கையாளர்கள் நடக்கிறவர்கள், ஏறுகிறவர்கள், துடுப்புப் போடுகிறவர்கள். பாதை மூடியதற்காகக் கோபப்படும் வாடிக்கையாளர் போனாலும், அதற்காக மகிழ்கிற வாடிக்கையாளர் நிற்கிறார். தனித்தனியாக ஆயிரம் பேர் வாங்காமல் இருப்பதைக் கல்லாப்பெட்டி உணர நாளாகும். எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே நாளில் எழுந்து வெளியேறினால் உடனே தெரியும். இதைச் செய்து காட்டியது கடைக்காரர்கள் தரப்பு.

கருவித் தொழிலின் பெரிய வர்த்தகக் கண்காட்சியான 'அவுட்டோர் ரீடெயிலர்' 1996 முதல் யூட்டாவின் தலைநகர் சால்ட் லேக் சிட்டியில் நடந்துவந்தது. வருடத்துக்கு இரண்டு முறை. மாநிலத்துக்கு வருடம் ஏறக்குறைய 4.5 கோடி டாலர் வரவு. 2003இல் மாநில ஆளுநர் மைக் லெவிட்டும் கூட்டரசின் உள்துறைச் செயலர் கேல் நார்ட்டனும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: யூட்டாவில் சுமார் 26 லட்சம் ஏக்கருக்கு இருந்த தற்காலிகப் பாதுகாப்பு விலகியது. சால்ட் லேக்கிலேயே தொழில் நடத்திய 'பிளாக் டயமண்ட்' நிறுவனத் தலைவர் பீட்டர் மெட்காஃப், கண்காட்சி வேறு மாநிலத்துக்குப் போகட்டும் என்று வெளிப்படையாக எழுதினார். பேச்சு நடந்தது; கண்காட்சி சால்ட் லேக்கிலேயே தங்கியது. அடுத்த வருடம் இன்னொரு கதவும் அடைபட்டது. வனாந்தரமாகலாமா என்று ஆய்வில் இருக்கும் நிலங்களில் வண்டிகள் நாசம் செய்வதைப் பணியகம் தடுக்கவில்லை என்று தெற்கு யூட்டா வனாந்தரக் கூட்டணி தொடுத்த வழக்கை, 2004 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சந்தையில் வாங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுவானது.

2016 டிசம்பர் 28 அன்று அதிபர் ஒபாமா யூட்டாவின் தென்கிழக்கில் 13.5 லட்சம் ஏக்கரைக் 'கரடிக் காதுகள்' தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். வண்டிகளுக்குக் கதவடைப்பு என்று பரப்பப்பட்டாலும் பிரகடனத்தில் அப்படி இல்லை. குறிக்கப்பட்ட சாலையிலும் தடத்திலும் மட்டும் வண்டி போகலாம் என்றது. 2017 பிப்ரவரி தொடக்கத்தில், அறிவிப்பை ரத்து செய்யுமாறு புதிய அதிபரைக் கேட்கும் தீர்மானத்தில் ஆளுநர் கேரி ஹெர்பர்ட் கையெழுத்திட்டார். பேட்டகோனியா உடனே கண்காட்சியிலிருந்து விலகியது. 16ஆம் தேதி நிறுவனத் தலைவர்களும் ஆளுநரும் தொலைபேசியில் பேசினார்கள், பேச்சு முறிந்தது. இருபது வருடத்துக் கண்காட்சி 2018இல் டென்வருக்குப் போய்விட்டது.

ஆனால் அதனால் நிலம் தப்பிவிடவில்லை. 2017 டிசம்பர் 4 அன்று டிரம்ப் சால்ட் லேக் சிட்டிக்கே வந்து, நினைவுச்சின்னத்தை ஏறத்தாழ 85 சதவீதம் வெட்டினார். பேட்டகோனியா தன் வலைத்தள முகப்பைக் கறுப்பாக்கி, அதிபர் உங்கள் நிலத்தைத் திருடிவிட்டார் என்று அறிவித்தது, வழக்கும் போட்டது. யூட்டாவின் ராப் பிஷப் தலைமையிலான நாடாளுமன்றக் குழு, பேட்டகோனியா பொய் சொல்கிறது என்று அரசாங்கச் சமூக ஊடகக் கணக்கிலிருந்தே பதில் கொடுத்தது. ஒரு துணிக் கம்பெனியின் பெயரைச் சொல்லி மக்கள் பிரதிநிதிகளின் குழு இப்படி இறங்கியது முறையற்ற செயல். ஓட்டுநர்களின் பழைய புறக்கணிப்புக் குரலுக்கு அரசு முத்திரை கிடைத்ததுபோல் ஆனது. மூன்று மாதத்தில், பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, துப்பாக்கித் தயாரிப்பும் கையிலிருந்த 'விஸ்டா' நிறுவனத்தின் சரக்குகளை வாங்குவதை ஆர்இஐ நிறுத்தியது. வேட்டைக்காரர்களில் ஒரு பகுதியினரின் கோபமும் சேர்ந்துகொண்டது.

2021 அக்டோபரில் பைடன் பழைய எல்லையை மீட்டார். 2022இல் கண்காட்சி யூட்டாவுக்குத் திரும்பும் என்ற பேச்சு எழுந்ததும் பேட்டகோனியா, ஆர்இஐ, நார்த் ஃபேஸ் உட்பட இரண்டு டஜன் நிறுவனங்கள் வரமாட்டோம் என்றன. 2023 ஜனவரியில் அது அவர்கள் இல்லாமலே சால்ட் லேக்கில் கூடியது.

இத்தனை வாங்காதேயும் வரமாட்டோமும் நடந்தபோது, அந்த நிலத்தின் மூத்த மக்கள் எங்கே இருந்தார்கள்? ஹோப்பி, நவஹோ, ஸூனி, இரண்டு யூட் பழங்குடி அரசுகள் என ஐந்தும் சேர்ந்து 2015இல் ஒரு கூட்டணி அமைத்துத்தான் 'கரடிக் காதுகளை'க் காக்கும்படி முதலில் கேட்டன. அவர்களுடைய முன்னோரின் வீடுகளும் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. பக்கத்திலுள்ள ரீகாப்ச்சர் பள்ளத்தாக்கில், தொல்லிடங்களின் ஊடாக இருவர் அனுமதியில்லாமல் தடம் வெட்டியிருந்தார்கள். 2007இல் பணியகம் அங்கே வண்டிகளைத் தடை செய்தது. 2014 மே 10 அன்று சான் யுவான் மாவட்ட ஆணையர் ஃபில் லைமன், தடையை மீறி ஓட்டும் போராட்டத்தை நடத்தினார். பத்து நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. 2020 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். ஓட்டுநர்கள் அவரைத் தியாகியாக்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் எலும்பாகக் கிடப்பவர்களின் பேரப்பிள்ளைகளை யாரும் வாடிக்கையாளராக எண்ணவில்லை. கடையில் செலவழிப்பவருக்கே குரல் என்று வந்துவிட்டால், இருசாராரும் மறந்துபோவது இவர்களைத்தான். இந்த வரலாற்றின் பெரிய அநீதி அதுவே.

2023 செப்டம்பர் இறுதியில் மோவாப் நகரத்துக்கு அருகே, லேபிரிந்த் பள்ளத்தாக்கையும் ஜெமினி பாலங்களையும் சேர்ந்த சுமார் 3 லட்சம் ஏக்கர் நிலத்துக்குப் பணியகம் புதிய போக்குவரத்துத் திட்டம் வெளியிட்டது. 317 மைல் தடம் மோட்டாருக்கு மூடப்பட்டது. 800 மைலுக்கு மேல் திறந்தே இருந்தது. பசுமை ஆற்றில் படகில் மிதப்பவர்களுக்கு, கரையிலிருந்து வரும் எஞ்சின் சத்தம் குறையும் என்பது ஒரு காரணம். புளூரிப்பன் கூட்டணி எதிர்த்து வழக்காடியது. யூட்டா மாநிலமும் எதிர்த்தது. மாநிலத்தின் கையில் இருந்த ஆயுதம் புதியதல்ல. பொதுநிலத்தின் குறுக்கே பாதை போடும் உரிமையை ஒரே வரியில் கொடுத்த 1866ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1976இல் அது ரத்தானாலும், அதற்கு முன் உண்டான பாதை உரிமைகள் செல்லும் என்று விட்டுவிட்டார்கள். அதை வைத்து யூட்டா 12,000க்கும் மேற்பட்ட தடங்களைத் தன்னுடையது என்று நீதிமன்றத்தில் கோரி வருகிறது. அவற்றில் சில, மாட்டு வண்டிக்காரர்கள் போட்டவை. சில, ஓடையின் வறண்ட படுகை தவிர வேறில்லை.

அந்த ஒரு வரிச் சட்டத்தின் கதை அடுத்த இதழில்.